ரேடியோதெரபி ஸ்கேன்: படம் எவ்வளவு தெளிவாக இருந்தால் போதும், டோஸ் எவ்வளவு குறைந்தால் சரி?

கேள்வி இது: "எங்கள் மையத்தில் தினமும் சிபிசிடி எடுத்துப் பார்த்த பிறகுதான் சிகிச்சை கொடுக்கிறோம். புராஸ்டேட் நோயாளிகளின் படங்கள் மங்கலாக இருக்கின்றன, எம்ஏஎஸ்ஸைக் கூட்டுங்கள் என்கிறார் டாக்டர். தேவையில்லாத டோஸ், கூட்டக் கூடாது என்கிறார் சீனியர் ஃபிசிசிஸ்ட். 78 கிரே வாங்கப்போகிற நோயாளிக்கு ஒரு ஸ்கேனின் 2 சென்டிகிரே ஒரு பொருட்டா? யார் சொல்வது சரி?"

முதலில் சொற்கள்: சிபிசிடி என்பது சிகிச்சை இயந்திரத்திலேயே எடுக்கிற முப்பரிமாண எக்ஸ்ரே ஸ்கேன். ஸ்கேனில் எவ்வளவு எக்ஸ்ரே விடுகிறோம் என்பதைத் தீர்மானிக்கிற அமைப்பு எம்ஏஎஸ். உடல் வாங்குகிற கதிர்வீச்சு டோஸின் அலகு கிரே, ஒரு கிரே என்பது 100 சென்டிகிரே அல்லது 1000 மில்லிகிரே. இருவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஆனால் எம்ஏஎஸ் பற்றிப் பேசுவதற்கு முன்னால் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: இந்தப் படத்தைப் பார்த்து நீங்கள் என்ன முடிவு எடுக்கப் போகிறீர்கள்? அந்த முடிவைத் தவறில்லாமல் எடுக்க எவ்வளவு தெளிவு வேண்டுமோ அவ்வளவுக்கு டோஸ் கொடுக்கலாம், தயங்க வேண்டாம். அதற்கு மேல் கொடுக்கிற ஒவ்வொரு மில்லிகிரேக்கும் நோயாளிக்கு ஒரு பயனும் இல்லை. அதற்குக் கீழே போனால் அது சிக்கனமும் ஆகாது, ஏனென்றால் தவறான இடத்தில் விழப்போவது 2 சென்டிகிரே இல்லை, முழுச் சிகிச்சை டோஸ்.

ரேடியோதெரபியில் படம் இரண்டு கட்டங்களில் வருகிறது. முதலாவது, சிகிச்சை தொடங்கும் முன் எடுக்கிற பிளானிங் சிடி. பெரும்பாலும் ஒரே ஒரு முறை. அதன் மேல்தான் டாக்டர் கட்டியையும் சுற்றியுள்ள உறுப்புகளையும் கான்டூர் போடுகிறார், அதாவது எல்லைக்கோடு வரைகிறார், அதை வைத்துத்தான் கணினி டோஸைக் கணக்கிடுகிறது. இரண்டாவது, சிகிச்சை நாட்களில் மேஜையில் படுத்த பிறகு எடுக்கிற சரிபார்ப்புப் படம். சிபிசிடியோ, இரண்டு கோணங்களில் எடுக்கிற கேவி (கிலோவோல்ட்) எக்ஸ்ரேயோ. இது 5 தடவையாகவும் இருக்கலாம், 39 தடவையாகவும் இருக்கலாம். முதல் படத்தில் நேர்ந்த பிழை எல்லா நாட்களிலும் தொடரும். இரண்டாவது வகையில் ஒரு நாள் படம் சுமாராக இருந்தால் அந்த ஒரு நாளோடு போகும், ஆனால் அதன் டோஸ் நாளுக்கு நாள் சேர்ந்துகொண்டே போகும். அதனால் இரண்டையும் ஒரே மனநிலையோடு அணுகக் கூடாது. பிளானிங் சிடியில் கஞ்சத்தனம் வேண்டாம், தினசரிப் படத்தில் தாராளம் வேண்டாம் என்பது என் நிலைப்பாடு.

கொஞ்சம் இயற்பியல் பார்த்துவிடுவோம். டிடெக்டருக்கு வந்து சேரும் ஃபோட்டான்களின் எண்ணிக்கை குறைந்தால் படத்தில் நாய்ஸ், அதாவது மணல் தூவியது போன்ற புள்ளிகள், கூடும். இந்த உறவு நேர்விகிதத்தில் இல்லை, வர்க்கமூலத்தில் இருக்கிறது. எம்ஏஎஸ்ஸைப் பாதியாக்கினால் டோஸ் பாதியாகும், ஆனால் நாய்ஸ் இரண்டு மடங்காகாது, ஏறக்குறைய 1.4 மடங்குதான் ஆகும். இதையே திருப்பிப் பாருங்கள்: நாய்ஸைப் பாதியாக்க வேண்டுமென்றால் நான்கு மடங்கு டோஸ் கொடுக்க வேண்டும். "கொஞ்சம் கூட்டினால் தெளிவாகிவிடும்" என்று சொல்வதில் இருக்கிற சிக்கல் இதுதான். கொஞ்சம் கூட்டினால் கண்ணுக்குத் தெரிகிற அளவில் ஒன்றும் மாறாது. மாற்றம் தெரிய வேண்டுமென்றால் நிறையக் கூட்ட வேண்டும். ஸ்லைஸ் தடிமனும் இதே கணக்கில்தான் வரும். 3 மில்லிமீட்டரை 1.5 ஆக்கினால் ஒவ்வொரு ஸ்லைஸுக்கும் பாதி ஃபோட்டான்தான் கிடைக்கும், பழைய நாய்ஸ் அளவிலேயே வைத்திருக்க டோஸை இரட்டிப்பாக்க வேண்டும். மூளையில் சின்னக் கட்டிக்கு ஸ்டீரியோடாக்டிக் (மிகத் துல்லியமாகக் குறிவைக்கிற) சிகிச்சை என்றால் மெல்லிய ஸ்லைஸ் அவசியம். வலி குறைக்க முதுகெலும்புக்குக் கொடுக்கிற ஒற்றைச் சிகிச்சைக்கு அது எதற்கு?

பிளானிங் சிடியில் பலர் தலைகீழாக நினைக்கிற விஷயம் ஒன்று இருக்கிறது. டோஸ் கணக்கு துல்லியமாக வர வேண்டுமென்றால் படம் நாய்ஸ் இல்லாமல் சுத்தமாக இருக்க வேண்டும் என்று நினைக்கிறார்கள். கணக்குக்கு வேண்டியது ஹவுன்ஸ்ஃபீல்டு எண்கள் (ஒவ்வொரு புள்ளியும் கதிரை எவ்வளவு தடுக்கிறது என்று சொல்கிற சிடி எண்கள்), அவற்றிலிருந்து எலக்ட்ரான் அடர்த்தி. நாய்ஸ் ஒரு பிக்சலில் எண்ணைக் கூட்டும், பக்கத்துப் பிக்சலில் குறைக்கும். சிகிச்சைக் கதிர் பல சென்டிமீட்டர் தசையைக் கடந்து போகும்போது இவை ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும். அதனால் சராசரி எண் சரியாக இருக்கும்வரை, கண்ணை உறுத்துகிற அளவு நாய்ஸ் இருந்தாலும் கணக்கில் வரும் பிழை மிகச் சிறியது. நாய்ஸ் உண்மையில் தொல்லை கொடுப்பது கான்டூரில். கருப்பைவாயின் ஓரம் எங்கே முடிகிறது, கழுத்தில் இருப்பது நிணநீர் முடிச்சா ரத்தக்குழாயா, மலக்குடலின் முன்சுவர் எங்கே என்பதெல்லாம் சில ஹவுன்ஸ்ஃபீல்டு வித்தியாசத்தில் கண்டுபிடிக்க வேண்டியவை. அங்கே 3 மில்லிமீட்டர் தவறினால் அந்தத் தவறு 60, 70 கிரேயோடு விழும். ஆக, பிளானிங் சிடியின் தரத்தைத் தீர்மானிக்க வேண்டிய இடம் கான்டூர் மேஜை. டாக்டரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு முடிவு செய்யுங்கள்.

அதற்கும் ஒரு எல்லை உண்டு. சிடியில் பார்த்து வரைந்தால் புராஸ்டேட் எம்ஆர்ஐயில் தெரிவதைவிடப் பெரிதாக வரும். சிடியில் அதன் நுனிக்கும் சுற்றியுள்ள தசைக்கும் போதிய வேறுபாடே இல்லாததுதான் காரணம். எம்ஏஎஸ்ஸை எவ்வளவு ஏற்றினாலும் இல்லாத வேறுபாடு வராது. அங்கே எம்ஆர்ஐ எடுத்துச் சிடியோடு பொருத்துவதுதான் வழி, அதில் அயனியாக்கும் கதிர்வீச்சும் கிடையாது.

எக்ஸ்ரே குழாயின் மின்னழுத்தமான கேவியை மட்டும் நினைத்தபடி மாற்றாதீர்கள். ஹவுன்ஸ்ஃபீல்டு எண்ணை எலக்ட்ரான் அடர்த்தியாக மாற்றுகிற வரைபடம் ஒரு குறிப்பிட்ட கேவிக்கு அளந்தது, பொதுவாக 120. ஒல்லியான நோயாளி என்று 80க்கு இறக்கினால் டோஸ் நன்றாகக் குறையும், ஆனால் எலும்பின் எண்கள் எங்கேயோ போய்விடும். 80க்கும் தனியாக அளந்து, பிளானிங் சிஸ்டத்தில் சரியான வரைபடம் தேர்வாகிறதா என்று உறுதி செய்துகொண்டால் தாராளமாகப் பயன்படுத்தலாம். குழாய் மின்னோட்டத்தை உடலின் தடிமனுக்கு ஏற்ப இயந்திரமே மாற்றிக்கொள்கிற வசதிக்கு இந்தப் பிரச்சினை இல்லை. அது எண்களை மாற்றாது, நாய்ஸைச் சீராக வைத்திருக்கும், தோள்பட்டையில் கூட்டிக் கழுத்தில் குறைக்கும். பழைய பழக்கத்தில் அதை அணைத்தே வைத்திருக்கிற சிமுலேட்டர்கள் (பிளானிங் சிடி எடுக்கிற இயந்திரங்கள்) இன்னும் இருக்கின்றன. கேட்டால் காரணம் சொல்ல ஆள் இருப்பதில்லை. ஸ்கேன் நீளத்தையும் பாருங்கள். தேவைக்கு மேல் 10 சென்டிமீட்டர் எடுப்பது வீண் டோஸ். ஆனால் நுரையீரல் கட்டி என்றால் முழு நுரையீரலும் வேண்டும். 20 கிரேக்கு மேல் வாங்குவது நுரையீரலின் எத்தனை சதவீதம் என்று கணக்கிட, பாதி நுரையீரல் படம் உதவாது.

நான்கு பரிமாண சிடி தனிக் கதை. மூச்சோடு அசையும் கட்டியைப் பிடிக்க ஒவ்வொரு இடத்திலும் குறைந்தது ஒரு முழு மூச்சுச் சுழற்சிக்காவது கதிர் விழ வேண்டும். பிறகு அதைப் பொதுவாக 10 கட்டங்களாகப் பிரித்துப் படமாக்குகிறார்கள். டோஸ் பல மடங்கு கூடுவது தவிர்க்க முடியாது. பிரிட்டனில் ரேடியோதெரபி பிளானிங் சிடிக்காக நடத்தி 2018இல் வெளியிட்ட முதல் தேசியக் கணக்கெடுப்பு நுரையீரலுக்குப் பரிந்துரைத்த ஒப்பீட்டு அளவு, சாதாரண சிடிக்கு 14 மில்லிகிரே, நான்கு பரிமாண சிடிக்கு 63 மில்லிகிரே. நாலரை மடங்கு. கட்டி உதரவிதானத்துக்கு அருகில் இருந்தால் இந்த விலை நியாயமானது. மேல் மடலில், மார்புச் சுவரோடு ஒட்டி, அசைவே இல்லாத கட்டிக்கும் வழக்கமாக எடுத்துக்கொண்டிருந்தால் யோசிக்க வேண்டும். எடுக்கத்தான் போகிறீர்கள் என்றால், ஒவ்வொரு கட்டத்தின் படமும் தனித்தனியாக அழகாக இருக்க வேண்டியதில்லை. கட்டி எங்கிருந்து எங்கே போகிறது என்று தெரிந்தால் போதும், கான்டூருக்குச் சராசரிப் படம் இருக்கிறது.

இனி உங்கள் சிபிசிடிக்கு வருவோம். சிகிச்சைக் கதிர் தருகிற லீனியர் ஆக்சிலரேட்டரிலேயே தட்டையான டிடெக்டர் பொருத்தி, கேன்ட்ரி என்கிற அதன் சுழலும் பகுதி ஒரே ஒரு சுற்றுச் சுற்றும்போது முப்பரிமாணப் படம் எடுக்கலாம் என்பதை அமெரிக்காவில் மிச்சிகனின் வில்லியம் பியூமான்ட் மருத்துவமனையில் டேவிட் ஜாஃப்ரேயும் ஜெஃப்ரி சிவெர்ட்சனும் உள்ளிட்ட குழு 2002இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் காட்டியது. பெரிய முன்னேற்றம். ஆனால் அந்த வடிவமைப்பிலேயே ஒரு பலவீனம் இருக்கிறது. சாதாரண சிடியில் கதிர் மெல்லிய விசிறி மாதிரி போகும். சிபிசிடியில் அகன்ற கூம்பாகப் போகும். உடலின் பெரிய பகுதி ஒரே நேரத்தில் கதிரில் இருப்பதால் சிதறும் கதிர் ஏராளம். பருமனான ஒருவரின் இடுப்பில், நேராக வந்து சேரும் கதிரைவிடச் சிதறிவந்த கதிர் டிடெக்டரில் அதிகமாக இருக்கும். அது மென்திசுக்களுக்கு இடையேயான வேறுபாட்டைக் கழுவிவிடும், நடுப்பகுதியைக் கருமையாக்கும். உங்கள் டாக்டர் "மங்கல்" என்று சொல்வதில் பெரும்பங்கு அநேகமாக இதுதான்.

இங்கேதான் எம்ஏஎஸ் விவாதம் திசைமாறுகிறது. எம்ஏஎஸ்ஸைக் கூட்டினால் நேர்க்கதிரும் கூடும், சிதறலும் அதே விகிதத்தில் கூடும். நாய்ஸ் குறையும், மங்கல் அப்படியே இருக்கும். சிதறலைக் குறைக்க வழிகள் வேறு: பௌ-டை ஃபில்டர் (கதிரின் ஓரங்களைக் குறைக்கிற வடிகட்டி) சரியாகப் பொருத்தப்பட்டிருக்கிறதா, சிதறல் தடுப்பு கிரிட் இருக்கிறதா, கதிரின் நீளத்தை 20 சென்டிமீட்டருக்குப் பதில் கட்டிக்கு வேண்டிய அளவுக்குக் கொலிமேட்டரால் (கதிரின் எல்லையைக் கட்டுப்படுத்தும் தடுப்பால்) சுருக்க முடியுமா, மென்பொருளின் சிதறல் திருத்தம் இயங்குகிறதா. நீளத்தைச் சுருக்குவது எனக்கு மிகப் பிடித்த வழி, ஏனென்றால் அதில் படமும் தெளிவாகும், நோயாளி வாங்குகிற கதிரும் குறையும். இரண்டும் ஒரே திசையில் போகிற இடம் இந்தத் துறையில் அபூர்வம்.

வாயுவும் எம்ஏஎஸ்ஸால் சரியாகாத ஒன்றுதான். கேன்ட்ரி ஒரு சுற்று முடிக்கச் சுமார் ஒரு நிமிடம் ஆகிறது. அதற்குள் மலக்குடலில் ஒரு வாயுக் குமிழ் நகர்ந்தால் புராஸ்டேட்டின் மேல் கோடுகோடாக விழும். பல்லில் உலோக அடைப்பு இருந்தால் வாய்ப்பகுதி முழுக்கக் கீற்றுகள். இடுப்பில் செயற்கை மூட்டு இருந்தால் இரண்டு மூட்டுக்கும் நடுவே ஒரு கருப்புப் பட்டை. இவற்றில் ஒன்றுக்கும் டோஸ் மருந்தாகாது. அதனால் யாராவது "படம் சரியில்லை" என்று சொன்னால் நான் முதலில் படத்தைத் திறந்து பார்த்து, இது நாய்ஸா, சிதறலா, அசைவா, உலோகமா என்று பிரித்துக்கொள்வேன். மணல் தூவியதுபோல எல்லா இடத்திலும் ஒரே சீராகத் தெரிந்தால் மட்டுமே எம்ஏஎஸ் பற்றிய பேச்சு.

இதோடு சேர்ந்த இன்னொன்று, திரும்ப எடுக்கிற ஸ்கேன். சிறுநீர்ப்பை நிரம்பவில்லை, மலக்குடல் உப்பியிருக்கிறது என்று சிபிசிடியில் பார்த்த பிறகு நோயாளியை இறக்கி, தண்ணீர் குடிக்க வைத்து, மறுபடி ஏற்றி, மறுபடி ஸ்கேன். அன்றைய ஸ்கேன் டோஸ் இரட்டிப்பாகிவிட்டது. எம்ஏஎஸ்ஸில் 20 சதவீதம் குறைக்க மாதக்கணக்கில் உழைக்கிற இடத்தில் இது கவனிக்கப்படாமலே போகும். சிறுநீர் கழித்துவிட்டு எவ்வளவு தண்ணீர், எத்தனை நிமிடம் காத்திருப்பு என்பதை நோயாளிக்குத் தமிழில் எழுதிக் கொடுங்கள். மலச்சிக்கலைச் சிமுலேஷனுக்கு முன்பே கவனியுங்கள். சின்ன அல்ட்ராசவுண்ட் கருவியால் சிறுநீர்ப்பையை மேஜையில் ஏற்றும் முன்பே பார்த்துவிடலாம். டோஸ் குறைப்பில் இதைவிட லாபமான வேலை வேறு இல்லை என்று நினைக்கிறேன்.

சரி, 2 சென்டிகிரே ஒரு பொருட்டா? கணக்குப் போடுவோம். இடுப்பு சிபிசிடி ஒன்றுக்கு மென்திசுவில் 1 முதல் 3 சென்டிகிரே வரை போகும், 2 என்றே வைத்துக்கொள்ளுங்கள். 39 நாள் எடுத்தால் 78 சென்டிகிரே. 78 கிரேயில் சரியாக 1 சதவீதம். கட்டிக்குள் இருக்கிற திசுவுக்கு இது ஒன்றுமே இல்லை, தினசரி இயந்திரத்தின் வெளியீட்டிலேயே இந்த அளவு ஏற்ற இறக்கம் இருக்கலாம். அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர் சங்கத்தின் 180ஆம் பணிக்குழு 2018இல் சொன்னதும் இதை ஒட்டியதுதான்: இமேஜிங் டோஸ் மொத்தமாகச் சிகிச்சை டோஸில் 5 சதவீதத்தைத் தாண்டும் என்றால் பிளானிங்கிலேயே அதைக் கணக்கில் சேருங்கள். உங்கள் நோயாளிக்கு அந்த எல்லை 3.9 கிரே. வெகுதூரம் இருக்கிறது.

ஆனால் சதவீதம் ஒன்றை மறைத்துவிடும். சிகிச்சைக் கதிர் கட்டியைச் சுற்றி வளைந்து விழும்படி நாம் பாடுபட்டு அமைத்தது. சிபிசிடி அப்படி இல்லை, அது போகிற வழியில் இருக்கிற எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய சமமாகக் கொடுக்கும். தொடை எலும்பு, குடல், விதைப்பை எதையும் அது பார்க்காது. அதோடு சிகிச்சைக் கதிர் மெகாவோல்ட், ஸ்கேன் கதிர் கிலோவோல்ட். கிலோவோல்டில் ஒளிமின் விளைவு கால்சியத்தில் வலுவாக நடப்பதால், மென்திசு வாங்குவதைப்போல 2 முதல் 4 மடங்கு எலும்பு வாங்கும். 78 சென்டிகிரே என்று சொன்னது தொடை எலும்புத் தலையில் 2 கிரேக்குமேல் போகலாம். சிகிச்சைக் கதிரின் சிதறலும் அதன் எல்லைக்கு வெளியே விழுகிறது என்பது உண்மைதான். எல்லையிலிருந்து 10 சென்டிமீட்டர் தள்ளி அது ஏறக்குறைய 1 சதவீதம் இருக்கும். அதாவது நாம் பேசுகிற ஸ்கேன் டோஸுக்குச் சமமான அளவு. ஏற்கெனவே அங்கே அவ்வளவு விழுகிறது, அதனால் இன்னும் கொஞ்சம் விழட்டும் என்று ஒருவர் வாதிடலாம். எனக்கு அதில் உடன்பாடில்லை. சிகிச்சையின் சிதறலை நாம் தவிர்க்க முடியாமல் ஏற்கிறோம், ஸ்கேனின் டோஸ் நம் கையில் இருக்கிறது.

சட்டமும் இங்கே நமக்குத் துணை வராது. கதிர்வீச்சு ஊழியருக்கு இந்தியாவில் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியமான ஏஇஆர்பி எந்த ஓர் ஆண்டிலும் 30 மில்லிசீவெர்ட், 5 ஆண்டுகளில் மொத்தம் 100 மில்லிசீவெர்ட் என்று வரம்பு வைத்திருக்கிறது. நோயாளிக்கு அப்படி ஒரு வரம்பு எங்குமே இல்லை, இருக்கவும் கூடாது, தேவையான சிகிச்சைக்கு அது குறுக்கே வரும். வரம்பு இல்லாத இடத்தில் நோயாளியின் பக்கம் நின்று கணக்குப் பார்க்க வேண்டியவர் ஃபிசிசிஸ்ட்தான். உங்கள் சீனியர் தயங்குவதை அந்த வகையில் மதிக்கிறேன்.

மறுபக்கம் தராசில் என்ன இருக்கிறது? மார்ஜின், அதாவது நகர்வுக்கு இடம்விட்டுக் கட்டியைச் சுற்றிச் சேர்க்கிற ஓரம். 3 சென்டிமீட்டர் ஆரமுள்ள ஓர் உருண்டைக் கட்டியைச் சுற்றி 1 சென்டிமீட்டர் மார்ஜின் வைத்தால் முழு டோஸ் வாங்கும் கன அளவு 268 கன சென்டிமீட்டர். தினமும் படம் பார்த்துத் திருத்துவதால் மார்ஜினை 5 மில்லிமீட்டராகக் குறைத்தால் 180. 88 கன சென்டிமீட்டர் நல்ல திசு, மலக்குடல் சுவரும் சிறுநீர்ப்பையும் உட்பட, முழு டோஸிலிருந்து தப்பிக்கிறது. அதற்கு விலை 78 சென்டிகிரே என்றால் நான் யோசிக்காமல் கையெழுத்துப் போடுவேன். ஆனால் கவனியுங்கள், மார்ஜின் உண்மையிலேயே குறைந்தால்தான் இந்தப் பேரம் நடக்கும். தினமும் சிபிசிடி எடுத்துக்கொண்டு, பிளானில் பழைய 1 சென்டிமீட்டர் மார்ஜினையே வைத்திருந்தால் நோயாளி விலையைக் கொடுத்துவிட்டுப் பொருளில் பாதியை வாங்காமல் போகிறார்.

பிரான்ஸில் 470 புராஸ்டேட் நோயாளிகளைத் தினசரி இமேஜிங், வாராந்திர இமேஜிங் என்று இரண்டாகப் பிரித்து நடத்தி, 2018இல் முடிவு வெளியான ஆய்வு இங்கே படிக்க வேண்டியது. தினசரி பார்த்தவர்களுக்குப் பிஎஸ்ஏ (புராஸ்டேட் நோய் திரும்புவதைக் காட்டும் ரத்த அளவு) உயர்வு குறைந்தது, மலக்குடல் பாதிப்பும் குறைந்தது. ஆனால் மொத்த உயிர்வாழ்வு தினசரிக் குழுவில், யாரும் எதிர்பாராத விதமாக, குறைவாக இருந்தது. இமேஜிங் டோஸ்தான் காரணம் என்று இதைக் காட்டிப் பயப்பட வேண்டியதில்லை. பின்தொடர்ந்த காலத்தின் இடைநிலை 4 ஆண்டுகளை ஒட்டியது, கதிர்வீச்சால் வரும் திடக்கட்டிகளுக்குப் பொதுவாகப் பத்தாண்டு அளவில் காலம் பிடிக்கும். இருந்தாலும், தினசரி இமேஜிங் எல்லா வகையிலும் லாபம்தான் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்பவர்கள் இந்த ஆய்வை ஒருமுறை படிக்க வேண்டும்.

உடலின் பகுதிக்குத் தக்கபடி எடுக்க வேண்டிய முடிவும் மாறும். தலை, கழுத்துப் புற்றுநோயில் முகமூடி போட்டு, எலும்பைப் பொருத்துகிறோம். எலும்பு குறைந்த டோஸிலேயே பளிச்சென்று தெரியும், சில மில்லிகிரே போதும். அங்கே 200 டிகிரி அரைச் சுற்றுதான். அந்த அரைச் சுற்றில் எக்ஸ்ரே குழாய் முகத்தின் பக்கம் வராமல் தலையின் பின்பக்கமாகப் போகும்படி அமைத்தால் கண் லென்ஸ் வாங்குவது வெகுவாகக் குறையும். உங்கள் இயந்திரத்தில் அது எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று ஒருமுறை நின்று பாருங்கள். மார்பகத்துக்குப் பல நாட்களில் இரண்டு கோணக் கேவி படமே போதும், அது ஒன்றிரண்டு மில்லிகிரேக்குள் முடிந்துவிடும். புராஸ்டேட்டில் தங்க மார்க்கர் வைத்திருந்தால் அதுவும் கேவி படத்திலேயே தெரியும், ஆனால் மலக்குடல், சிறுநீர்ப்பை நிலவரம் தெரியாது. அதனால் தினமும் மார்க்கர், இடையிடையே சிபிசிடி என்று கலந்து வைக்கலாம். கருப்பைவாய்ப் புற்றுநோயில் கருப்பை சிறுநீர்ப்பையோடு சேர்ந்து சென்டிமீட்டர் கணக்கில் நகரும். எலும்பு பொருந்திவிட்டது என்று நம்பினால் கட்டி வெளியே இருக்கும். அங்கே மென்திசு தெரிந்தே ஆக வேண்டும். தினசரிப் படத்திலும் தாராளமாக இருக்க வேண்டிய இடம் அது. அன்றைய சிபிசிடியிலேயே கான்டூர் போட்டுப் புதிதாகப் பிளான் செய்கிற அடாப்டிவ் முறை வந்துவிட்ட மையங்களில் தேவை இன்னும் கூடும், ஏனென்றால் அங்கே தினசரிப் படமே பிளானிங் படமாகிவிடுகிறது.

குழந்தைகளைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பதிலை முடிக்க மனம் வராது. குழந்தைகளுக்கு வரும் சிறுநீரகப் புற்றுநோயான வில்ம்ஸ் கட்டிக்கு விலாப்பகுதியில் வழக்கமாகக் கொடுப்பது 10.8 கிரே, 6 நாட்கள். பெரியவருக்கான இடுப்பு புரோட்டோகாலை (சேமித்து வைத்த ஸ்கேன் அமைப்பை) அப்படியே போட்டால், சின்ன உடலில் தடுக்கும் திசு குறைவு என்பதால் உள்ளே சேரும் டோஸ் பெரியவரைவிடக் கூடும். 3 சென்டிகிரே என்று வைத்தால் 6 நாளில் 18 சென்டிகிரே. பார்க்கச் சின்ன எண், ஆனால் சிகிச்சை டோஸில் அது ஒன்றரை சதவீதத்துக்கும் மேல். 78 கிரே வாங்குகிற முதியவரைவிட மூன்று வயதுக் குழந்தைக்கு விகிதம் அதிகம். அந்தக் குழந்தைக்கு முன்னால் எழுபது ஆண்டு வாழ்க்கை இருக்கிறது, வளரும் முதுகெலும்பு இருக்கிறது, பெண் குழந்தை என்றால் மார்பகத் திசு இருக்கிறது. திரையில் வருகிற எண்ணையும் அப்படியே நம்பாதீர்கள். 32 சென்டிமீட்டர் விட்டமுள்ள பிளாஸ்டிக் பேண்டத்துக்கு (உடலுக்குப் பதிலாக வைத்து அளக்கிற மாதிரிக்கு) அளந்த எண் அது, சின்னக் குழந்தை உண்மையில் வாங்குவது ஏறக்குறைய இரண்டு மடங்காக இருக்கலாம். அப்புறம், குழந்தையின் மெல்லிய உடலில் சிதறல் குறைவு, படம் இயல்பாகவே நன்றாக வரும். எம்ஏஎஸ்ஸைக் கால்பங்காகக் குறைத்தாலும் முதுகெலும்பு பொருத்தத் தேவையானது தெரியும். குறைக்க மிக வசதியான இடமும், குறைக்க வேண்டிய அவசரம் அதிகமுள்ள இடமும் இதுதான். குழந்தைகளுக்கென்று தனிப் புரோட்டோகால் இல்லாத மையத்தில் இருந்தால் இந்த வாரமே உருவாக்குங்கள். பெயரிலேயே "குழந்தை" என்று வரும்படி சேமியுங்கள், அவசரத்தில் டெக்னாலஜிஸ்ட் தவறான வரியைத் தொட்டுவிடாமல் இருக்க.

எப்படிக் குறைப்பது என்றால், ஒரேயடியாக வேண்டாம். முதலில் படத்தின் தரத்தைச் சோதிக்கிற கேட்ஃபேன் பேண்டத்தில் இப்போதைய புரோட்டோகாலின் நாய்ஸ், குறைந்த வேறுபாட்டுத் தெளிவு, வரித்தெளிவு (நெருக்கமான நுண்கோடுகள் பிரிந்து தெரிவது) ஆகியவற்றை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு எம்ஏஎஸ்ஸை மூன்றில் இரண்டாக, பாதியாக, கால்பங்காகக் குறைத்து அதே அளவீடுகள். பேண்டத்தில் எண் கெடுவது நிச்சயம், அதைப் பார்த்துப் பின்வாங்க வேண்டாம். அடுத்து, மனித உருவப் பேண்டம் இருந்தால் தெரிந்த அளவு நகர்த்தி வைத்து, ஒவ்வொரு அமைப்பிலும் பொருத்தும் மென்பொருள் எவ்வளவு நகர்வு சொல்கிறது என்று பாருங்கள். எலும்புப் பொருத்தம் பெரும்பாலும் கால்பங்கு எம்ஏஎஸ்ஸிலும் ஒரு மில்லிமீட்டருக்குள் அதே பதிலைத்தான் தரும். மென்திசுப் பொருத்தம் அப்படி இருக்காது, அங்கே மனிதக் கண்தான் அளவுகோல். ஒரு படி குறைத்து, படம் பார்த்துப் பொருத்துகிற எல்லோரிடமும், எந்தப் படம் எந்த அமைப்பு என்று சொல்லாமல், "இதை வைத்துச் சிகிச்சை கொடுப்பீர்களா" என்று மட்டும் கேளுங்கள். "படம் அழகாக இருக்கிறதா" என்று கேட்டால் எப்போதும் அதிக டோஸ் படம்தான் ஜெயிக்கும்.

நோயாளியோ வீட்டாரோ கேட்பார்கள்: "தினமும் ஸ்கேன் வேற எடுக்கிறீங்களே, அதுல கரண்ட் சேராதா?" சேரும் என்று நேராகச் சொல்லுங்கள். எவ்வளவு சேரும், அதனால் மலக்குடலையும் சிறுநீர்ப்பையையும் எப்படி விலக்கிக் கொடுக்க முடிகிறது என்றும் சொல்லுங்கள். "அதெல்லாம் ஒன்றும் இல்லை" என்று கடந்துபோனால் அடுத்த கேள்வியைக் கேட்க அவர்களுக்குத் துணிவு வராது.

உங்கள் டாக்டருக்கும் சீனியருக்கும் நடுவே நான் உட்கார்ந்திருந்தால் செய்வது இதுதான். கடந்த சில வாரங்களின் புராஸ்டேட் சிபிசிடிகளை மூவரும் சேர்ந்து திறந்து பார்க்கலாம். மங்கலுக்குக் காரணம் சிதறல் என்றால் நீளத்தைச் சுருக்கி, பௌ-டையையும் திருத்தங்களையும் சரிபார்க்கலாம். வாயு என்றால் உணவும் மலச்சிக்கலும். நோயாளி பருமனாக இருந்து, உண்மையிலேயே நாய்ஸ் என்றால், அந்த நோயாளிகளுக்கு மட்டும் எம்ஏஎஸ் கூட்டிய ஒரு தனிப் புரோட்டோகால். ஒல்லியானவர்களுக்கு இப்போதையதைவிடக் குறைத்த இன்னொன்று. கூடவே, பிளானில் மார்ஜின் எவ்வளவு வைக்கிறீர்கள் என்பதையும் அதே மேஜையில் எடுத்து வையுங்கள். தினசரி நகர்வுகளின் பதிவு உங்களிடம் ஏற்கெனவே இருக்கும். அதிலிருந்து உங்கள் மையத்துக்கு எவ்வளவு மார்ஜின் போதும் என்று கணக்கிட்டுவிடலாம்.